அந்தமானில் அரசியல் பாடம் நடத்தப்போவது யார்?

மூன்று ஆசிரியர் கொண்ட துறையில் இட ஒதுக்கீடு என்ன ஆகும்? 2019-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் தொடரும் கேள்வி

புது தில்லி: அந்தமான் - நிகோபார் தீவுகளுக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஓர் உறுப்பினர் உண்டு; மாநிலங்களவையில் ஒருவரும் இல்லை. அரசியல் சட்டத்தின் 239-வது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் சார்பில் துணைநிலை ஆளுநர் நிர்வாகத்தை நடத்துகிறார். 240-வது பிரிவின்படி இத்தீவுகளுக்கான ஒழுங்குமுறைகளைக் குடியரசுத் தலைவரே பிறப்பிக்கலாம். கூட்டாட்சி, பிரதிநிதித்துவம், அடிப்படை உரிமை ஆகியவற்றை ஒரு தீவு இளைஞர் முறையாகக் கற்கும் இடம், கல்லூரியின் அரசியல் அறிவியல் வகுப்பறைதான். அந்த வகுப்பறையில் பாடம் நடத்துபவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் தீவுகளின் கையில் இல்லை.

தீவு மக்கள் முதன்முறையாக வாக்களித்துத் தங்கள் மக்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது 1967-ல். அதுவரை நியமன உறுப்பினர்தான் இருந்தார். அந்தத் தேர்தலில் வென்றவர் கே.ஆர். கணேஷ். அதே 1967-ல்தான் போர்ட் பிளேரில் அரசுக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. இன்று அது ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயம் என்ற பெயரில் இயங்குகிறது. போர்ட் பிளேரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. வாக்குரிமையும் உயர்கல்வியும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்த இத்தீவுகளில், இரண்டின் கடிவாளமும் இன்றுவரை தலைநகரில்தான் இருக்கிறது.

பல ஊர்களில் அதிகாரம்

கல்லூரி தொடங்கியபோது அதற்குப் பட்டம் வழங்கும் பொறுப்பு சண்டீகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. 1985-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் மூலம் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் பிறகு தீவுக் கல்லூரிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. 1990-ல் மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி தொடங்கப்பட்டது. போர்ட் பிளேரில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அமைத்த வளாகத்துக்குக் கடல் ஆய்வு, கடல் உயிரியல் துறையும் கடலோரப் பேரிடர் மேலாண்மைத் துறையும் கிடைத்தன. அரசியல் அறிவியலைக் கற்பிக்கும் பொறுப்பு அரசுக் கல்லூரிகளிடமே இருந்தது.

அந்தக் கல்லூரிகளின் உதவிப் பேராசிரியர் பதவி, அரசின் "ஏ" பிரிவுப் பதவி. தீவுகளுக்கெனத் தனித் தேர்வாணையம் இல்லாததால், தில்லி ஷாஜகான் சாலையில் உள்ள மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமே (யுபிஎஸ்சி) விளம்பரம் செய்து, விண்ணப்பங்களைப் பரிசீலித்து, நேர்காணல் நடத்துகிறது. கல்வித் தகுதியை வகுப்பது பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் உள்ள பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி). நியமனத்தில் வழக்கு எழுந்தால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா அமர்வையும், பிறகு கொல்கத்தா உயர் நீதிமன்றத்தையும் நாட வேண்டும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவில் உள்ள ஒரு கல்லூரியில் ஓர் ஆசிரியரை அமர்த்த இத்தனை ஊர்கள் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு நன்மை உண்டு. உள்ளூர் செல்வாக்கும் சிபாரிசும் யுபிஎஸ்சி நேர்காணலில் எளிதில் எடுபடுவதில்லை. தாமதம் இதன் மறுபக்கம். ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றால், அந்த இடத்துக்கு அடுத்தவர் வந்து சேரும்வரை ஒப்பந்த ஆசிரியர்களைக் கொண்டே வகுப்புகளை நடத்த வேண்டியிருக்கிறது. பெரிய துறை என்றால் ஓரிடம் காலியானாலும் சமாளிக்கலாம். மூன்று, நான்கு பேர் மட்டுமே உள்ள துறையில் ஓர் இடம் காலியானாலே பாடத்திட்டத்தின் கால் பகுதிக்கோ மூன்றில் ஒரு பகுதிக்கோ ஆள் இல்லாமல் போகிறது.

துறையா, நிறுவனமா?

சிறிய துறைகளுக்கு இதைவிடப் பெரிய சிக்கலை, தீவுகளுக்குத் தொடர்பே இல்லாத ஒரு வழக்கு கொண்டு வந்தது. மத்திய கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் நியமனத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் ஒதுக்கப்பட வேண்டும். எந்த எண்ணிக்கையில் 15 சதவீதம் என்பதுதான் வழக்கின் மையம். மொத்த நிறுவனத்தின் பணியிடங்களையும் சேர்த்துக் கணக்கிடுவதா, ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவதா?

2006-ல் யுஜிசி வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்ளும்படி கூறின. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் நியமன அறிவிப்பை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், அலாகாபாத் உயர் நீதிமன்றம் 2017 ஏப்ரலில் அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது. துறையையும் பாடத்தையுமே அலகாகக் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதைப் பின்பற்றி 2018 மார்ச் 5-ம் தேதி யுஜிசி புதிய உத்தரவை அனுப்பியது. நாடெங்கும் பல்கலைக்கழகங்கள் தங்கள் விளம்பரங்களைத் திருத்தி வெளியிடத் தொடங்கின. ஒதுக்கீட்டு இடங்கள் சரிந்தது அப்போது வெட்டவெளிச்சமானது. எதிர்ப்பு வலுக்கவே, 2018 ஜூலையில் நியமனங்களை நிறுத்திவைக்கும்படி யுஜிசி கேட்டுக்கொண்டது. மத்திய அரசும் யுஜிசியும் உச்ச நீதிமன்றத்தை அணுகின. 2019 ஜனவரி 22-ம் தேதி அந்த மனுக்கள் தள்ளுபடியாயின. பிப்ரவரி 27-ம் தேதி மறுஆய்வு மனுவும் நிராகரிக்கப்பட்டது.

ஒரு நூற்றாண்டுக் காத்திருப்பு

இதன் விளைவைப் புரிந்துகொள்ள "ரோஸ்டர்" எனப்படும் சுழற்சிப் பட்டியலைப் பார்க்க வேண்டும். சபர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-ல் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, மத்திய அரசு 1997 ஜூலையில் இந்த முறையை வகுத்தது. பணியிடங்கள் வரிசையாக எண்ணப்படும். முதல் மூன்றும் பொதுப் பிரிவு. நான்காவது இடம் பிற்படுத்தப்பட்டோருக்கு. ஏழாவது இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. எட்டாவதும் பன்னிரண்டாவதும் மீண்டும் பிற்படுத்தப்பட்டோருக்கு. பழங்குடியினரின் முறை பதினான்காவது இடத்தில்தான் வரும். 2019 முதல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்குப் பத்தாவது இடம் சேர்ந்தது.

இருநூறு ஆசிரியர்கள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தை ஓர் அலகாகக் கொண்டால் தாழ்த்தப்பட்டோருக்கு 30, பழங்குடியினருக்கு 15, பிற்படுத்தப்பட்டோருக்கு 54 என 99 இடங்கள் கிடைக்கும். அதே இருநூறு பேரை மூவர், நால்வர் கொண்ட துறைகளாகப் பிரித்துக் கணக்கிட்டால், பெரும்பாலான துறைகள் முதல் நான்கு எண்களைத் தாண்டுவதில்லை.

மூன்று பணியிடங்கள் மட்டுமே கொண்ட ஓர் அரசியல் அறிவியல் துறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அது 1967-ல் தொடங்கியது என்றும், இந்தச் சுழற்சி அப்போதே அமலில் இருந்தது என்றும், ஒவ்வொருவரும் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஒன்றாக ஓய்வு பெறுகிறார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் மூவரும் பொதுப் பிரிவினர். நான்காவது நியமனம் 1997-ல் வரும். பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் அப்போது துறைக்குள் வருவார். ஏழாவது நியமனம் 2027-ல். தாழ்த்தப்பட்டோருக்கு முதல் வாய்ப்பு அப்போதுதான். பதினான்காவது நியமனம் 2087-ல். அதாவது, கல்லூரி தொடங்கி 120 ஆண்டுகள் கழிந்த பிறகே ஒதுக்கீட்டின் வழியே ஒரு பழங்குடி ஆசிரியர் அந்தத் துறையில் கால் வைக்க முடியும். இடமாறுதலும் ராஜிநாமாவும் இந்தக் கணக்கைச் சற்று முன்பின் ஆக்கலாம், அடிப்படை மாறாது.

தில்லியிலோ வாராணசியிலோ இது விகிதாசாரக் குறைவு என்ற அளவில் பேசப்பட்டது. அந்தமான் - நிகோபாரில் இதன் பொருள் வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் 28,530 பேர் பழங்குடியினர். ஆறு பழங்குடிகள் பட்டியலில் உள்ளன: அந்தமானியர், ஓங்கி, ஜாரவா, சென்டினலியர், ஷோம்பென், நிகோபாரியர். இவர்களில் பள்ளி, கல்லூரி என்று படித்து முன்னேறி வரும் பெரிய சமூகம் நிகோபாரியருடையது. தீவுகளின் மண்ணின் மைந்தர்களான அவர்களுக்குத் தீவின் சிறிய துறைகளில் ஒதுக்கீட்டுக் கதவு திறக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகும் என்றால், ஒதுக்கீடு காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

எதிர்த்தரப்பின் நியாயம்

நீதிமன்றங்கள் முன்வைத்த வாதத்தையும் ஒதுக்கித் தள்ளிவிட முடியாது. அரசியல் அறிவியல் பேராசிரியரும் இயற்பியல் பேராசிரியரும் ஒரே பதவிப் பெயரும் ஒரே சம்பளமும் பெற்றாலும், ஒருவர் இடத்தில் மற்றவரை அமர்த்த முடியாது. அவர்கள் ஒருவரோடு ஒருவர் போட்டியிடுவதும் இல்லை. எனவே அனைவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது பொருந்தாது என்பது அலாகாபாத் தீர்ப்பின் தர்க்கம். நிறுவனத்தை அலகாகக் கொண்டால் சில துறைகளில் எல்லா இடங்களும் ஒதுக்கீட்டிலும், வேறு சில துறைகளில் ஓரிடம்கூட ஒதுக்கீட்டில் இல்லாமலும் போகலாம் என்ற அச்சமும் அதில் இருந்தது.

ஒற்றைப் பணியிடம் பற்றிய தீர்ப்பும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது. சண்டீகர் முதுநிலை மருத்துவக் கல்வி நிறுவன வழக்கில், ஒரே ஒரு பணியிடம் உள்ள பதவியில் சுழற்சி முறையிலும் ஒதுக்கீடு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1998-ல் தீர்ப்பளித்தது. துறையை அலகாக்கினால், ஒரே ஒரு பேராசிரியர் பதவி உள்ள துறைகளில் அந்தப் பதவி என்றென்றும் பொதுப் பிரிவிலேயே இருந்துவிடும்.

இரு தரப்பு வாதங்களையும் எடை போட்டால், துறைகளுக்கிடையே சமநிலை குலைவதை நிர்வாகம் திட்டமிட்டுத் தவிர்க்க முடியும். துறையை அலகாக்குவதால் வரும் இழப்பைத் தவிர்க்க எந்த நிர்வாகத்தாலும் முடியாது. எண்ணிக்கையே அதற்கு இடம் தராது.

அவசரச் சட்டமும் நிரந்தரச் சட்டமும்

2019-ன் தொடக்கத்தில் தில்லியில் ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவில் இறங்கினர். மார்ச் 5-ம் தேதி நாடு தழுவிய முழு அடைப்புக்கு அழைப்பு விடுக்கப்பட்டது. மக்களவைத் தேர்தல் அறிவிப்பு எந்நேரமும் வரலாம் என்ற நிலையில், மார்ச் 7-ம் தேதி மத்திய அமைச்சரவை அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அப்போது மனிதவள மேம்பாட்டு அமைச்சர் பிரகாஷ் ஜாவ்டேகர். தேர்தலுக்குப் பிறகு அந்தப் பொறுப்புக்கு வந்த ரமேஷ் போக்ரியால் நிஷாங்க், அவசரச் சட்டத்துக்கு மாற்றாக மசோதாவைக் கொண்டு வந்தார். ஜூலை 1-ம் தேதி மக்களவையும், 3-ம் தேதி மாநிலங்களவையும் அதை நிறைவேற்றின.

மத்திய கல்வி நிறுவனங்கள் (ஆசிரியர் பணியிட ஒதுக்கீடு) சட்டம், 2019 என்பது அதன் பெயர். ஒதுக்கீட்டைக் கணக்கிடுவதற்கு நிறுவனம் முழுவதும் ஓர் அலகு என்பதே அதன் சாரம். சிறப்பு ஆராய்ச்சி நிறுவனங்கள் சிலவற்றுக்கும் சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட காலியிடங்களை நிரப்ப இச்சட்டம் வழிவகுக்கும் என்று அரசு அப்போது கூறியது. மத்திய அரசின் பராமரிப்பிலோ உதவியிலோ இயங்கி, மத்தியப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்ட நிறுவனங்களும் இச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. தீவுக் கல்லூரிகளைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டிய வாசகம் இது.

நேர்காணல் என்னும் கடைசி வாசல்

சட்டம் வந்ததும் இடங்கள் நிரம்பிவிடவில்லை. 2022-ல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்ட கணக்கின்படி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் அனுமதிக்கப்பட்ட 18,956 ஆசிரியர் பணியிடங்களில் 6,180 காலியாக இருந்தன. அவற்றில் 2,350 உதவிப் பேராசிரியர் இடங்கள். போர்க்கால வேகத்தில் நிரப்பும்படி கல்வி அமைச்சகம் பல்கலைக்கழகங்களை வற்புறுத்தியது. 2023 மே மாதம் எல்லா மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான விண்ணப்ப இணையதளமும் தொடங்கப்பட்டது.

ஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பித்தவர்களில் எவரும் "தகுதியானவர் அல்லர்" என்று தேர்வுக் குழு எழுதிவிட்டால், அந்த இடம் காலியாகவே நீடிக்கும். பின்னடைவுப் பணியிடங்கள் பெருக இதுவும் ஒரு காரணம் என்று ஆசிரியர் அமைப்புகள் தொடர்ந்து குற்றம் சாட்டி வருகின்றன. இதற்கு இடமளிக்கும் விதி 2018-ம் ஆண்டு யுஜிசி ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. பட்ட மதிப்பெண், ஆய்வுப் பட்டம், கட்டுரைகள், கற்பித்தல் அனுபவம் ஆகியவற்றுக்கான புள்ளிகள் நேர்காணலுக்கு அழைப்பதற்கு மட்டுமே பயன்படும். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியரின் இறுதித் தேர்வு நேர்காணலை மட்டுமே பொறுத்தது. இயற்பியலில் ஒரு சமன்பாட்டைச் சரி, தவறு என்று சொல்லிவிடலாம். அரசியல் அறிவியலில் விண்ணப்பதாரரின் ஆய்வுத் தலைப்பே, மேசைக்கு எதிர்ப்புறம் அமர்ந்திருப்பவருக்கு உவப்பாகவோ கசப்பாகவோ இருக்கலாம்.

யுபிஎஸ்சி நேர்காணலில் குறைந்தபட்ச மதிப்பெண் வெளிப்படையாக வகுக்கப்பட்டுள்ளது. நூற்றுக்குப் பொதுப் பிரிவினர் 50, பிற்படுத்தப்பட்டோர் 45, தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் 40 பெற வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுக் குழுக்களும் இதுபோன்ற அளவுகோலை முன்கூட்டியே அறிவித்து, நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்தால் பாதிப் புகார்கள் குறையும்.

ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆள் கிடைக்காவிட்டால் அவற்றைப் பொதுப் பிரிவுக்கு மாற்ற வழி சொல்லும் வரைவு ஒன்றை யுஜிசி வெளியிட்டதும், 2024 ஜனவரியில் அது பெரும் சர்ச்சையானதும் நினைவிருக்கும். 2019-ம் ஆண்டுச் சட்டம் இருக்கும்போது அப்படி மாற்ற இடமில்லை என்று கல்வி அமைச்சகமே விளக்கம் அளிக்க நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 6-ம் தேதி வெளியான யுஜிசியின் மற்றொரு வரைவில், ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற பழைய வரம்பு காணப்படவில்லை. தமிழகச் சட்டப்பேரவை மூன்றே நாள்களில் அந்த வரைவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. துணைவேந்தர் நியமனப் பிரிவுகளே அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. ஒப்பந்த நியமனம் பற்றிய பிரிவு அதே அளவு கவனத்தைப் பெறவில்லை. நிரந்தர நியமனம் சுருங்கினால், சுழற்சிப் பட்டியல் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அதில் ஏற்றுவதற்கு இடங்களே இருக்காது.

தீவுகளுக்கு ஏன் முக்கியம்?

அந்தமான் - நிகோபாரின் அரசியல் அமைப்பு, பாடநூல்களில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் பொருள். அங்கே அந்தமான் பகுதியில் பஞ்சாயத்துகள் உண்டு. நிகோபார் மாவட்டத்தில் பழங்குடியினர் மன்றங்களே மக்களின் குரல். மகா நிகோபார் தீவில் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் அடங்கிய பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதே மாதம், தான் முன்பு அளித்த ஆட்சேபணையின்மைக் கடிதத்தைப் பழங்குடியினர் மன்றம் திரும்பப் பெற்றது. 2004 ஆழிப்பேரலையால் இடம்பெயர்ந்த தங்கள் மூதாதையர் நிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது அம்மக்களின் கோரிக்கை. வனச் சட்டம், பழங்குடியினர் ஒப்புதல், மத்திய அரசின் அதிகார எல்லை என அரசியல் அறிவியலின் பெரிய கேள்விகள் எல்லாம் அங்கே நடைமுறையில் நிகழ்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை உள்ளிருந்து அறிந்து ஆராயவும் கற்பிக்கவும் ஒருவர் வேண்டும் என்று தீவு மாணவர்கள் எதிர்பார்ப்பது அதிகப்படியான ஆசை ஆகாது.

ஆனால் ஒரு நிகோபாரிய இளைஞருக்கு ஒதுக்கீட்டு இடம் இருந்தாலும் பாதை எளிதல்ல. நியமனம் அகில இந்திய அளவிலானது. நாட்டின் எல்லாப் பழங்குடியினருடனும் அவர் போட்டியிட வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைத் தகுதியான "நெட்" தேர்வில் மொழிப் பாடங்கள் தவிர மற்றவற்றின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. 2011 கணக்கெடுப்பில் தீவுவாசிகளில் 15 சதவீதம் பேர் தாய்மொழி தமிழ் என்று பதிந்தவர்கள். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே தடை உண்டு. முனைவர் பட்டம் கட்டாயம் என்ற விதி ஒருமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஜூலையில் கைவிடப்பட்டது ஓர் ஆறுதல். ஆய்வு வசதி குறைந்த தீவு மாணவர்களுக்கு அது கதவை முழுதும் அடைத்திருக்கும்.

செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. தீவுக் கல்லூரிகளின் ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை, சுழற்சிப் பட்டியலில் ஒவ்வொன்றும் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை நிர்வாகம் ஆண்டுதோறும் வெளியிடலாம். ஓய்வு பெறும் தேதி முன்பே தெரிந்ததுதான். ஓராண்டுக்கு முன்னதாகவே யுபிஎஸ்சிக்குக் கோரிக்கை அனுப்பினால் இடைவெளியைக் குறைக்கலாம். காலியிடங்களைச் சில்லறையாக விளம்பரம் செய்யாமல் ஒன்றாகச் சேர்த்து அறிவித்தால் ஒதுக்கீட்டுப் பிரிவுகள் அனைத்துக்கும் இடம் வரும். நிகோபாரியர் உள்ளிட்ட தீவு மாணவர்களுக்கு நெட் பயிற்சியும் ஆய்வு உதவித்தொகையும் தருவது நிர்வாகத்தின் வரவு செலவுத் திட்டத்தில் பெரிய தொகையாக இராது.

எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் பட்டம் வழங்கப்பட்டாலும் இந்தக் கேள்விகள் அப்படியே இருக்கும். தீவுகளின் குரலை நாடாளுமன்றத்தில் எழுப்ப ஒரே ஓர் உறுப்பினர்தான் உண்டு. எந்தப் பாடத்தில் எத்தனை இடங்கள் காலி, அவற்றில் ஒதுக்கீட்டுக்குரியவை எத்தனை, எத்தனை ஆண்டுகளாகக் காலி என்ற மூன்று கேள்விகளைக் கேள்வி நேரத்தில் எழுப்ப அவர் ஒருவரே போதும். எழுத்துபூர்வமாகப் பதில் சொல்லும் கடமை அமைச்சகத்துக்கு உண்டு. 2019-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் மூன்று ஆசிரியர்கள் கொண்ட துறைவரை போய்ச் சேர்ந்ததா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.